அசையாத துளி

சாம்பிள் டப்பாவைச் சட்டைக்குள் வைத்து, பூனைக்குட்டியை ஒளித்துக் கொண்டுவருகிறவன் மாதிரி நெஞ்சோடு அணைத்தபடி வந்து நின்றான் தம்பி. உடம்புச் சூடு ஆறுவதற்குள் கொண்டுவரச் சொன்னது அக்காதான். குழந்தை வேண்டி வருகிறவர்களுக்கான அந்த மருத்துவமனையில், மாடிப்படிக்குப் பின்னால் இருந்த பரிசோதனைக்கூடம் அவளுடைய ராஜ்ஜியம். விந்தணுக்கள் எவ்வளவு இருக்கின்றன, அவற்றில் எவை நேராக ஓடுகின்றன, எவை தள்ளாடுகின்றன, எவை நின்ற இடத்திலேயே நிற்கின்றன என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது வேலை. பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை அங்கே எல்லோருக்கும் அவள் 'லேப் அக்கா'. தம்பிக்கு மட்டும்தான் வெறும் அக்கா.

"வேற யாரும் பாக்க வேணாம்க்கா. நீயே பாரு."

"சொந்தக்காரங்களோடத நாங்க பாக்கக் கூடாதுடா. என்கூட வேலை பாக்கறவர் சாப்பிடப் போயிருக்கார், இப்ப வந்துடுவார். அவர்கிட்ட குடுத்துடறேன்."

"அந்த ஆளு முன்னாடி நான் எப்படி நிக்கறது? நீன்னா பரவாயில்ல. சின்ன வயசுல எனக்கு மூக்குச் சிந்திவிட்டதே நீதானே?"

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினான். அவனுக்கு வருஷம் பூராவும் சளி. வெயிலானாலும் மழையானாலும் மூக்கு ஒழுகும், இருமல் விடாது. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு 'உறிஞ்சி' என்று பட்டப்பெயர். பெயரை வைத்ததே அக்காதான் என்பது அவனுக்கு இன்று வரை தெரியாது.

அவள் டப்பாவை வாங்கிக்கொண்டாள். சட்டப்படி செய்திருந்தால் கதை அங்கேயே வேறு பக்கம் திரும்பியிருக்கும். அவளோ தம்பியின் முகத்தைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள்.

ஒரு துளியை ஸ்லைடில் வைத்து, மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடி, கண்ணைப் பதித்தாள். முதலில் தான் சரியாகக் குவிக்கவில்லை என்று நினைத்தாள். திருகைத் திருப்பினாள். தலைகளும் வால்களும் துல்லியமாகத் தெரிந்தன. எண்ணிக்கைக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒன்றுகூட அசையவில்லை. கூட்டமான சந்தையில் எல்லோரையும் யாரோ 'அப்படியே நில்' என்று அதட்டியது போலிருந்தது.

குளிரில் விறைத்திருக்கும் என்று ஸ்லைடைச் சூட்டுத்தட்டில் வைத்துப் பார்த்தாள். வேறொரு துளி எடுத்துப் பார்த்தாள். எங்கேயாவது ஒரே ஒரு வால் துடித்தால் போதும், அதை வைத்துக்கொண்டு தம்பிக்கு நல்ல வார்த்தை சொல்லிவிடலாம் என்று ஓரம் விடாமல் தேடினாள். ஒன்றும் இல்லை.

இப்படி எல்லாமே அசையாமல் இருந்தால் அடுத்துச் செய்ய வேண்டியது அவளுக்கு மனப்பாடம். ஒரு சொட்டுச் சிவப்புச் சாயம் விட வேண்டும். செத்ததன் தலைக்குள் சாயம் ஏறும். உயிரோடு இருப்பது சாயத்தை உள்ளே விடாது. சாயப் புட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் வராந்தாவில் சகஊழியரின் செருமல் கேட்டது. உயிரோடு இருந்தால்தான் என்ன, போக முடியாதது போய்ச் சேரவா போகிறது என்று அவளே ஒரு நியாயத்தைச் சொல்லிக்கொண்டு, ஸ்லைடைக் கழிவுத் தொட்டியில் போட்டாள். டப்பாவும் பின்னாலேயே போனது.

வாசலில் வேப்ப மரமோ என்னவோ ஒரு மரத்தடியில் காத்திருந்த தம்பி, அவள் வருகிற நடையிலேயே புரிந்துகொண்டான்.

"மோசமா?"

"எதுவுமே ஓடல."

 அவனுக்கு இருமல் வந்தது. இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அது இருமலுக்காகத் துடைத்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அவகிட்ட சொல்லிடாதக்கா. போயிடுவா. கல்யாணத்துக்கே எவ்வளவு யோசிச்சான்னு உனக்குத் தெரியும்ல? அம்மாகிட்டயும் வேணாம். நானே நேரம் பாத்துச் சொல்றேன்."

"நீயே சொல்லுவியா?"

"சத்தியமா."

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். தம்பியும் அவன் மனைவியும் அம்மாவோடுதான் இருந்தார்கள். தம்பி மனைவி கடைத்தெருவில் திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருந்தாள். எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் ஜன்னலின் அகலத்தைக் கண்ணாலேயே அளப்பாள், கலகலவென்று பேசுவாள், நாத்தனாரைக் கண்டால் "அண்ணி, அண்ணி" என்று வாய் ஓயாது.

சாப்பாட்டு மேசையில் அம்மா சுற்றி வளைக்காமல் கேட்டாள். "இவன் வந்தானாமே உன்கிட்ட? பாத்தியா?"

தம்பி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி மனைவி தண்ணீர்ச் சாடியை வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"பாத்தேன்" என்றாள் அக்கா. "அவனுக்கு ஒண்ணும் இல்ல."

அந்த வாக்கியத்தைத் தெருவில் நடந்து வரும்போதே அவள் தயார் செய்து வைத்திருந்தாள். கேட்கிறவர் எப்படியும் எடுத்துக்கொள்ளலாம்; உற்றுப் பார்த்தால் பொய்கூட இல்லை. தன் சாமர்த்தியத்தை அவள் மெச்சிக்கொண்டது அந்த ஒரு நிமிஷம்தான். மறு நிமிஷம் அம்மா கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப இனிமே பாக்க வேண்டியது யாரைன்னு தெரிஞ்சுபோச்சு."

தம்பி மனைவியின் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் சிரித்தாள். "அவருக்கு நல்லா இருக்கறது நல்ல விஷயம்தானே அத்தை. எனக்கு என்னன்னு பாத்துச் சரிபண்ணிக்கறேன்."

தம்பி இருமினான். சாப்பிட்டு முடிக்கும் வரை இருமிக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகு வருஷங்கள் எப்படிப் போயின என்று கேட்டால் தம்பி மனைவியின் உடம்பைத்தான் கேட்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டாள், வாய் கசந்தது. ஊசி போட்டுக்கொண்டாள், முகம் உப்பியது. ஸ்கேன் என்றார்கள், படுத்தாள். கருக்குழாயில் அடைப்பா என்று சாயம் செலுத்திப் பார்த்தார்கள், பல்லைக் கடித்துக்கொண்டாள். அண்ணி வேலை பார்க்கிற இடத்துக்கே வந்தால் அண்ணிக்குச் சங்கடம் என்று தானாகவே நினைத்துக்கொண்டு, கடைக்குப் பக்கத்தில் இருந்த வேறொரு மருத்துவமனைக்குப் போனாள். அப்படிப் போனதில் அக்காவுக்கு ஒரு நிம்மதி இருந்தது. நிம்மதியாக இருக்கிறோமே என்று பிறகு அதற்கும் சேர்த்து மனசு குறுகுறுத்தது.

தம்பியைத் தனியாகப் பிடித்துக் கேட்கும்போதெல்லாம் "சொல்றேன்க்கா, இந்த மாசம் போகட்டும்" என்பான். அவன் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தான். மூக்கில் உட்காராத பிரேம்களைச் சூட்டில் காட்டி, இப்படி அப்படி வளைத்து, போட்டுக்கொள்கிறவருக்குப் பொருந்த வைப்பதில் கெட்டிக்காரன். பேச்சையும் அப்படித்தான் வளைத்துவிடுவான்.

ஒரு நாள் லேபுக்குத் தொலைபேசி வந்தது. தம்பி மனைவியைப் பார்க்கும் டாக்டரம்மா.

"உங்க தம்பியோட ரிசல்ட் கேட்டா, எங்க அண்ணியே பாத்துட்டாங்க, அவங்க பாத்தா தப்பாகாதுங்கறா உங்க தம்பி பொண்டாட்டி. எப்படியும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு போன் பண்ணினேன். நார்மல்தானே?"

அந்த நேரத்தில் நாக்கு எந்தப் பக்கமும் புரண்டிருக்கலாம். எதிரே மேசையில் சகஊழியர் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நார்மல்தான் டாக்டர்" என்றாள் அக்கா.

அம்மாவிடம் சொன்னதை வீட்டுப் பேச்சு என்று தள்ளலாம். இதைத் தள்ள இடமில்லை. தொழில் தெரிந்தவள் தொழில் தெரிந்தவளிடம் சொன்ன பொய். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான், எல்லாம் சரியாக இருந்தும் ஏன் தங்கவில்லை, உள்ளே கேமரா விட்டுப் பார்த்துவிடுவோம் என்று தம்பி மனைவிக்கு ஆப்பரேஷனுக்குத் தேதி குறித்தார்கள்.

ஆப்பரேஷன் அன்று அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். தம்பிக்கு ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும் என்பது சாக்கு. தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கூட்டிப்போகும்போது தம்பி மனைவியின் கை சில்லென்று இருந்தது. "பயமா இருக்கு அண்ணி, கதவு வரைக்கும் கையை விட்டுடாதீங்க" என்றாள். விடவில்லை. கதவு சாத்தியதும் அக்கா கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். கையைக் கழுவினாள். எதற்கு என்று தெரியாமல் மறுபடியும் கழுவினாள்.

வயிற்றில் மூன்று சின்னத் தையல்களோடு அவள் வீடு திரும்பினாள். உள்ளே குறை ஒன்றும் இல்லை என்றார்கள். அம்மாவுக்கு அது போதவில்லை. "இத்தனை டாக்டருக்கும் பிடிபடாத குறைன்னா அது பெரிய குறையாத்தான் இருக்கும்" என்றாள்.

அக்கா தன்னால் ஆனதைச் செய்தாள். பழம் வாங்கிப் போனாள். கனமான துணி மூட்டைகளைக் கடைக்குத் தூக்கிக் கொடுத்தாள். அம்மா வார்த்தையை விடும்போது குறுக்கே விழுந்து பேச்சை மாற்றினாள். தம்பி மனைவி அக்கம்பக்கத்தில் "எங்க அண்ணி மாதிரி யாருக்கும் வாய்க்காது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அது அக்காவின் காதுக்கும் வரும். பாராட்டைத் தடுக்கவும் முடியாது, வாங்கிக்கொள்ளவும் முடியாது.

இந்தச் சமயத்தில்தான் மருத்துவமனையில் புதிய பிரிவு திறந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஒரே ஒரு விந்தணுவை உறிஞ்சி, பெண்ணிடமிருந்து எடுத்த முட்டைக்குள் நேராகக் கொண்டுபோய் வைக்கும் வேலை. அதற்கென்று வந்தவள் அக்காவைவிட வயதில் ரொம்பச் சின்னவள். 'சின்ன டாக்டர்' என்று கூப்பிட்டார்கள். வேலை செய்யும்போது வாய்க்குள் ஏதாவது முனகிக்கொண்டே இருப்பாள்.

ஒரு நாள் காலையில் லாரி ஓட்டுகிற ஒருவரின் சாம்பிளை அக்கா பார்த்தாள். அதே காட்சி. தலையும் வாலுமாக ஏராளமாக இருந்தும் ஒன்றும் அசையவில்லை. 

"இவருக்கு வழியில்ல டாக்டர்" என்று சின்ன டாக்டரிடம் போனாள். "எல்லாம் செத்ததுக்குச் சமம்."

"சாயம் போட்டீங்களா?"

"போட்டேன். முக்கால்வாசி நிறம் ஏறல. உயிர் இருந்தும் என்ன, ஓடலயே?"

"ஓடலன்னா செத்துடுச்சுன்னு அர்த்தமாக்கா?" சின்ன டாக்டர் சிரித்தாள். கிண்டலாக இல்லை, நல்ல செய்தி கையில் இருக்கிறவளின் சிரிப்பு. "இங்க வாங்க, ஒண்ணு காட்டறேன்."

நீர்த்த உப்புக் கரைசல் ஒன்றில் அந்தத் துளியைக் கலந்தாள். கொஞ்சம் பொறுத்து அக்காவைப் பார்க்கச் சொன்னாள். நீட்டிக்கொண்டிருந்த வால்களில் பல இப்போது முனையில் சுருண்டிருந்தன. சில கொக்கி போல. சில முழு வளையமாக.

"உயிர் இருக்கறது தண்ணியை உள்ள இழுக்கும், வால் சுருண்டுடும். செத்தது அப்படியே நீட்டிட்டுக் கிடக்கும். சுருண்டதுல நல்லதா ஒண்ணை எடுத்து நானே முட்டைக்குள்ள வச்சிடுவேன். அதால நடக்க முடியாது, அவ்வளவுதானே? நாம தூக்கிட்டுப் போறோம். எல்லாருக்கும் பலிக்காது. பலிச்சவங்களை நானே பாத்திருக்கேன்."

அக்கா கண்ணை எடுக்கவில்லை. கல்லூரியில் முதன்முதலாகக் குட்டைத் தண்ணீரை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த நாள் நினைவுக்கு வந்தது. செருப்பு வடிவத்தில் ஒன்று உடம்பு முழுக்க நுண்மயிரை அடித்துக்கொண்டு பாயும். மணி வடிவத்தில் இன்னொன்று பாசியில் காம்பை ஊன்றிக்கொண்டு, இருந்த இடத்தை விட்டு நகராமல், வாயைச் சுற்றியிருக்கும் மயிரை மட்டும் சுழற்றி இரையைத் தன் பக்கம் வரவழைக்கும். ஓடுகிறதை வரைந்தவளுக்குத்தான் நிற்கிறதையும் வரையச் சொன்னார்கள். இரண்டையும் 'உயிருள்ளவை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கியவள் அவள். நகராததெல்லாம் செத்தது என்று முடிவுகட்ட அவளுக்கு எந்தப் படிப்பும் சொல்லித்தரவில்லை. அவசரம் சொல்லித்தந்தது.

"அந்த டிரைவருக்கு எப்பவும் சளி, இருமல் உண்டான்னு கேட்டுப் பாருங்க" என்றாள் சின்ன டாக்டர், அடுத்த ஸ்லைடைத் துடைத்தபடி. "மூச்சுக்குழாய்ல சளியைத் தள்ளற நுண்மயிரும் இந்த வாலும் ஒரே மாதிரிதான் கட்டியிருக்கு. ஒண்ணு வேலை செய்யலன்னா சிலருக்கு இன்னொண்ணும் செய்யாது. பொறவியிலேயே வர்றது."

அக்காவுக்குத் தம்பியின் பட்டப்பெயர் நினைவுக்கு வந்தது. உறிஞ்சி. ஸ்கூல் பூராவும் அவனைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடும்படி பெயர் வைத்துக் கொடுத்திருக்கிறாள். அவன் வேண்டுமென்றா ஒழுகவிட்டான்?

"என்னக்கா, முகம் வெளுத்துப்போச்சு?"

"ஒண்ணும் இல்ல" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

அன்று மதியமே கண்ணாடிக் கடைக்குப் போனாள். தம்பி ஒரு பெரியவரின் காதுக்குப் பின்னால் பிரேமைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவர் போனதும் கல்லாப் பக்கம் ஆள் இல்லாத மூலைக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள். உயிர் இருக்கலாம். எடுக்கலாம். இருமலுக்கும் இதுதான் காரணமாக இருக்கலாம். இன்றைக்கே அவளிடம் சொல்லிவிட்டு வா, நாளைக்கே பார்த்துவிடலாம்.

அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள். அவன் முகம் கறுத்தது.

"இப்ப போய்ச் சொல்லணுமா? அவ வயித்துல தையல் போட்டப்பறமா? அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு அடியோட போயிருக்கும். இன்னிக்குச் சொன்னா என்னைக் கொன்னே போடுவா."

"அன்னிக்குச் சொல்ல வேணாம்னது யாருடா?"

"நான் பயந்து சொன்னேன். நீ படிச்சவதானே? என்னை அடிச்சுச் சொல்ல வச்சிருக்கணும்."

  அவன் சொன்னதில் பாதி அநியாயம். மீதிப் பாதி அவள் தனியாகப் படுத்திருக்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்வது.

"கிளறாதக்கா. எல்லாம் ஆறிட்டிருக்கு."

ஆறிக்கொண்டிருந்தது எது என்பது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. சாப்பாட்டு மேசையில், மருமகள் அடுத்த அறையில் இருக்கிறாள் என்று தெரிந்தே, அம்மா குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள். "எவ்வளவு நாளைக்குடா இப்படியே? அவ நல்ல பொண்ணுதான், நான் இல்லேங்கல. ஆனா உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேணாமா? பேசி முடிச்சுட்டு அவங்க வீட்டுக்கு மரியாதையா அனுப்பி வச்சுடு."

அக்கா தம்பியைப் பார்த்தாள். இப்போதாவது வாயைத் திறப்பான் என்று பார்த்தாள். அவன் தண்ணீர் குடித்தான். இருமினான். கைக்குட்டையை எடுத்து மடித்து மடித்து வைத்தான். அடுத்த அறையில் தையல் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றது, கொஞ்சம் கழித்து மறுபடி ஓடியது.

அக்கா சாப்பிடாமல் எழுந்தாள். மறுநாள் காலை கடை திறக்கும் நேரத்துக்குத் தம்பி மனைவியின் கடை வாசலில் நின்றாள்.

"என்ன அண்ணி, வேலைக்குப் போகல?" தம்பி மனைவியின் கண் வீங்கியிருந்தது. பெரிய வெட்டுமேசையில் சாம்பல் நிறத் துணியை விரித்து, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"டீ வேணாம். நீ அந்தக் கத்திரிக்கோலைக் கீழ வை. ஒண்ணு சொல்லணும்."

எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "குறை உன்கிட்ட இல்ல" என்றாள். "அவன்கிட்டத்தான். அன்னிக்கு நான் பாத்தப்பவே ஒண்ணுகூட அசையல."

தம்பி மனைவிக்கு முதலில் புரியவில்லை. "எந்த அன்னிக்கு?"

"முதல் தடவை. ஒண்ணும் இல்லன்னு மேசையில சொன்னேனே, அதுக்கு முன்னாடி."

வெளியே பக்கத்துக் கடையின் ஷட்டரை யாரோ சத்தத்தோடு தூக்கினார்கள். தம்பி மனைவி காதில் விழாதவள் போல் நின்றாள்.

"அவருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"அத்தைக்கு?"

"தெரியாது."

"எங்க டாக்டரம்மா உங்களைக் கேட்டாங்களே? நார்மல்னு நீங்க சொன்னதாச் சொன்னாங்க."

"சொன்னேன்."

தம்பி மனைவி துணியின் மடிப்பைக் கையால் நீவினாள். நீவிக்கொண்டே இருந்தாள். அடுத்த கேள்வி ரொம்ப மெதுவாக வந்தது.

"ஆப்பரேஷனுக்குப் போறப்ப என் கையைப் பிடிச்சிட்டே வந்தீங்க. அப்பவும் தெரியுமா?"

அக்கா பார்வையைத் திருப்பவில்லை. 

"தெரியும்" என்றாள்.

"நான் கத்தணும் போல இருக்கு. ஆனா கத்த வரல" என்றாள் தம்பி மனைவி. "நான் தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு என் வயித்தைத் திட்டிட்டிருந்தேன். உங்களுக்குத் தெரியுமா அது? என் வயித்தை நானே திட்டினேன்."

அக்கா அழுதாள். அழக்கூடாது என்றுதான் வந்தாள். அழுகிறவளை அவள் தேற்ற வேண்டியதாகிவிடும் என்று பயந்தாள். பயப்படத் தேவையிருக்கவில்லை. தம்பி மனைவி தேற்றவில்லை. அழுது முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இப்ப ஏன் சொல்றீங்க?" என்று கேட்டாள்.

சின்ன டாக்டர் காட்டியதை அக்கா சொன்னாள். உயிர் இருக்கிறதா என்று பார்க்கலாம்; இருந்தால் எடுத்து வைக்கலாம்; நிச்சயமில்லை. அன்றே சாயம் போட்டிருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும் என்பதையும், தான் போடவில்லை என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இனி ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றைச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

"நீங்க போங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி. அவள் வாயிலிருந்து அந்த 'அண்ணி' வந்தது அதுதான் கடைசி.

அன்று மாலை அம்மா வீட்டில் நடந்ததை அக்கா நேரில் பார்க்கவில்லை. அம்மாவே தொலைபேசியில் சொன்னாள், உடைந்த குரலில். மருமகள் சத்தம் போடவில்லையாம். மேசையைத் துடைத்துவிட்டு, மாமியாரை உட்கார வைத்து, கணவனை எதிரே நிற்க வைத்து, "நீங்களே சொல்லுங்க" என்றாளாம். அவன் சொன்னானாம். "பாவி, என்னை என்னவெல்லாம் பேச வச்சுட்டீங்கடி ரெண்டு பேரும்" என்று அம்மா மகளைத் திட்டினாள். பேசியது யாருடைய வாய் என்று அக்கா கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை தனக்கில்லை என்று தோன்றியது.

பெரிய டாக்டரிடமும் போய்ச் சொன்னாள். சொந்தக்காரரின் சாம்பிளைப் பார்த்தது, பதியாமல் கழித்துக் கட்டியது, இன்னொரு டாக்டருக்குப் பொய் சொன்னது. அவர் ரொம்ப நேரம் மேசையில் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, மைக்ரோஸ்கோப் பக்கம் இனி போக வேண்டாம் என்று ரத்தம் எடுக்கும் இடத்துக்கு மாற்றினார். வேலையை விட்டே அனுப்பியிருந்தால் தண்டனை முடிந்தது என்று இருந்திருக்கலாம். அனுப்பவில்லை.

தம்பியும் அவன் மனைவியும் அந்த மருத்துவமனைக்கு வந்தார்கள். தன் சம்பந்தப்பட்ட எதையும் லேப் அக்கா தொடக்கூடாது என்று அவள் முதல் வரியாகச் சொன்னாள். சொல்லியே இருக்க வேண்டாம். சின்ன டாக்டர் பார்த்தாள். தம்பியின் துளியில் வால்கள் சுருண்டன, நிறையவே சுருண்டன. வராந்தாவில் எதிர்ப்பட்டபோது சின்ன டாக்டர் அதை ஒரு தலையசைப்பில் அக்காவுக்குச் சொல்லிவிட்டுப் போனாள். அக்கா ரத்தக் குழாய்களை அடுக்கிய தட்டோடு அப்படியே சுவரில் சாய்ந்தாள். உயிரோடுதான் இருந்திருக்கின்றன. அவள் கழிவுத் தொட்டியில் போட்ட அன்றும்.

முட்டைகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் கிடைத்தன. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்" என்று பெரிய டாக்டர் எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவர்களிடமும் சொன்னார். இரண்டு கருக்கள் உருவாயின. வைத்தார்கள். தங்கவில்லை. இன்னொரு தடவை பார்க்கலாம் என்றதற்குத் தம்பி மனைவி, "என் உடம்பு போதும்னு சொல்லுது டாக்டர், இந்தத் தடவையாவது அது சொல்றதைக் கேக்கறேன்" என்றாளாம்.

அவள் தம்பியை விட்டுப் போகவில்லை. போவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்துக்கொண்டு, "வர்றதுன்னா வாங்க" என்று கிளம்பினாள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், பேசிக்கொள்கிறார்களா என்று அக்காவுக்குத் தெரியாது. அம்மா வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோயின. அம்மாவும் அவளும் மட்டும் எப்போதாவது எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

குளிர் தொடங்கியபோது தம்பி மனைவி தொலைபேசியில் அழைத்தாள்.

"அவருக்கு இருமறப்ப ரத்தம் வருது. நெஞ்சு டாக்டர் யாருன்னு உங்களுக்குத் தெரியும்னாரு. நாளைக்குக் கூட்டிட்டுப் போகணும்."

அக்கா ஏற்பாடு செய்துவிட்டு, வரலாமா கூடாதா என்று கேட்காமலே போய் நின்றாள். காத்திருப்பு அறையிலிருந்து தம்பியை எக்ஸ்ரேவுக்கு அழைத்துப்போயிருந்தார்கள். தம்பி மனைவி ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். நடுவில் ஒரு நாற்காலியை விட்டு அக்கா உட்கார்ந்தாள்.

தம்பி மனைவி எதிர்ச்சுவரைப் பார்த்தபடி கேட்டாள். "அன்னிக்கே உண்மையைச் சொன்னா நான் இவரை விட்டுட்டுப் போயிடுவேன்னு நினைச்சீங்களா?"

"ஆமா."

"போயிருப்பனோ என்னவோ. எனக்கே தெரியல." அவள் பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். "ஆனா அதை நான்தானே முடிவு பண்ணியிருக்கணும்? போறதும் இருக்கறதும் என் கால்ல இருந்த விஷயம். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து அதைக் கட்டிப் போட்டுட்டீங்க."

மன்னித்துவிடு என்ற வார்த்தை அக்காவின் நாக்கு நுனி வரை வந்தது. அதைக் கேட்பதுகூட அவளிடமிருந்து இன்னொன்றை எடுத்துக்கொள்வதாகும் என்று பட்டது. மென்று விழுங்கினாள்.

நர்ஸ் கதவைத் திறந்து தம்பியின் முறை வந்துவிட்டதாகச் சொன்னாள். தம்பி மனைவி எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அக்கா எழவில்லை, எழும் உரிமை தனக்கு உண்டா என்று தெரியாமல் இருந்தாள். கதவு வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் இளக்கம் இல்லை.

"வாங்க. டாக்டர் சொல்ற டெஸ்ட் பேரெல்லாம் எனக்குப் புரியாது. நீங்க கேட்டு எனக்கு அப்படியே சொல்லணும். ஒண்ணு விடாம."

"சொல்றேன்" என்றாள் அக்கா.